கடவுள் நம்பிக்கை இல்லாத செவிலியரால் ஆன்மிகப் பராமரிப்பு தர முடியுமா?

கேள்வி: அரசு மருத்துவமனையில் புற்றுநோய் வார்டில் பணிபுரிகிறேன். ஆன்மிகப் பராமரிப்பும் செவிலியரின் வேலைதான் என்று கல்லூரியில் படித்தோம். எனக்குக் கடவுள் நம்பிக்கை பெரிதாக இல்லை, நேரமும் இல்லை. போன வாரம் வாய்ப் புற்றுநோயுள்ள அய்யா ஒருவர், "நான் என்ன பாவம் செய்தேன் சிஸ்டர்?" என்று கேட்டார். டிரிப்பைச் சரிபார்ப்பதுபோல் நின்றுவிட்டு நகர்ந்துவிட்டேன். சாகக் கிடக்கும் ஒருவருக்கு இதையெல்லாம் செய்ய ஒரு செவிலியரால் உண்மையிலேயே முடியுமா?

பதில்: முடியும். நம்பிக்கை இல்லாதவராலும் முடியும். பல ஆண்டுகள் செவிலியர் மாணவிகளோடு வார்டில் சுற்றியவள் என்ற முறையில் சொல்கிறேன்: பக்தி மிகுந்த சிலரைவிட நம்பிக்கை இல்லாத சிலர் இதை நன்றாகச் செய்வதுண்டு. அவர்களிடம் தயாராக ஒரு பதில் இருக்காது, அதனால் நோயாளி பேசி முடிக்கும்வரை காத்திருப்பார்கள். பக்தி மிகுந்தவர்களுக்குப் பதில் நாக்கின் நுனியிலேயே இருக்கும். நோயாளி பாதி சொல்லும்போதே "கடவுள் பார்த்துக்கொள்வார் அய்யா" என்று முடித்துவிடுவார்கள். அவரும் வாயை மூடிக்கொள்வார்.

முதலில் இந்தக் கடமை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பேலியேட்டிவ் கேர் என்று நாம் சொல்லும் நோய் ஆதரவு சிகிச்சையின் முன்னோடியான சிசிலி சாண்டர்ஸ் ஒரு செவிலியராகத்தான் தொடங்கினார். முதுகுவலி காரணமாக அந்தப் பணியை விட்டு மருத்துவச் சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவமும் படித்து, 1967-இல் லண்டனின் தென்பகுதியில் சாகும் நிலையில் உள்ளவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். சாகும் நிலையில் உள்ளவரின் வலியில் உடல்வலி, மனவலி, குடும்பக் கவலை, வாழ்வின் பொருள் பற்றிய தவிப்பு எல்லாம் பின்னிக் கிடக்கும், ஒன்றை விட்டு மற்றொன்றைத் தணிக்க முடியாது என்பது அவர் வார்டில் கண்டு சொன்னது. உலக சுகாதார அமைப்பு 2002-இல் வெளியிட்ட நோய் ஆதரவு சிகிச்சையின் வரையறையிலும் உடல், உளவியல், சமூகச் சிக்கல்களோடு ஆன்மிகச் சிக்கலும் இடம்பெற்றது. அமெரிக்கச் செவிலியர்கள் நோயாளியிடம் செவிலியர் கண்டறிய வேண்டிய சிக்கல்களின் பட்டியலில் (நர்சிங் டயக்னோசிஸ்) "ஆன்மிகத் துயரம்" என்பதை 1978-லேயே சேர்த்துவிட்டார்கள். ஆகவே இது நம் தலையில் புதிதாகக் கட்டப்பட்ட சுமை அல்ல.

அடுத்து, பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒன்று. வலியில் துடிக்கிறவரிடம் ஆன்மிகம் பேசக் கூடாது. கடும் வலிக்கான மருந்தான மார்பின் எழுதப்பட்டிருக்கிறதா, நேரத்துக்குக் கொடுக்கப்படுகிறதா, இடையில் வரும் வலிக்குக் கூடுதல் டோஸ் உண்டா, மலச்சிக்கலுக்கு மருந்து சேர்த்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மார்பின் கிடைப்பதை எளிதாக்க 2014-இல் போதைப்பொருள் சட்டமே திருத்தப்பட்டது. ஆனாலும் "பழக்கமாகிவிடும்" என்று பயந்து டோஸைத் தள்ளிப்போடும் வழக்கம் பல வார்டுகளில் இன்னும் இருக்கிறது. நள்ளிரவு டோஸைத் தவறவிட்டுவிட்டுக் காலையில் ஆறுதல் சொல்லப் போவதில் அர்த்தமில்லை.

வாய்ப் புற்றுநோய் என்றீர்கள். புண்ணில் வாடை இருக்கிறதா? வெடித்த புண்ணின் வாடை மனிதனை உயிரோடு ஒதுக்கிவைத்துவிடும். பேரப்பிள்ளைகள் கிட்டே வருவதில்லை, மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள், பக்கத்துக் கட்டில்காரர் இடம் மாற்றிக் கேட்கிறார். "நான் என்ன பாவம் செய்தேன்" என்ற கேள்வி பல நேரம் அங்கேயிருந்துதான் எழுகிறது. மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவி டிரெஸ்ஸிங் செய்வது நம் நாட்டு நோய் ஆதரவு மையங்களில் பழகிப்போன முறை. விலையும் மலிவு. மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். சில நாட்களில் வாடை குறைந்து, பேத்தி கட்டிலில் ஏறி உட்காருவாள். அதை ஆன்மிகப் பராமரிப்பு என்று எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதப்போவதில்லை. ஆனால் அந்த மனிதருக்கு அன்று கிடைத்தது அதுதான்.

இனி அவர் கேட்ட கேள்விக்கு வருவோம். அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புகையிலை போட்டவராக இருந்தால் "மனைவி அப்போதே சொன்னாள், கேட்கவில்லை" என்ற குற்ற உணர்வாக இருக்கலாம். தம்பியின் நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கியவராக இருக்கலாம். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டதை நிறைவேற்றவில்லை, சாமி குத்தம் என்று நினைக்கலாம். போன பிறவிக் கர்மா என்று நம்புகிறவராக இருக்கலாம். அல்லது இது எதுவுமே இல்லாமல், கடன் வாங்கிப் படிக்க வைத்த பையனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்ற கவலையே அந்த உருவத்தில் வந்திருக்கலாம். ஐந்துக்கும் ஒரே ஆறுதல் சொன்னால் ஐந்தும் தப்பாகத்தான் போகும்.

ஆகவே பதில் சொல்லாதீர்கள், கேளுங்கள். "ஏன் அய்யா அப்படி நினைக்கிறீர்கள்?" என்பது போதும். கேட்டுவிட்டு உடனே அடுத்த வார்த்தையைப் போடாதீர்கள். அந்த மௌனம் நமக்குத்தான் நீளமாகத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் அழுதால் அழவிடுங்கள். நம் ஊரில் ஆண்கள் அழுதால் உடனே "அழக் கூடாது, தைரியமாக இருங்கள்" என்று அடக்கிவிடுகிறோம். அவர் தைரியமாக இல்லை என்று யார் சொன்னது? "நிஜமாகவே இது பாவத்தால் வந்ததா சிஸ்டர்?" என்று நேராகக் கேட்டால், "அது எனக்குத் தெரியாது அய்யா. ஆனால் இந்த நோய் நல்லவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வருவதைத் தினமும் பார்க்கிறேன்" என்று உள்ளதைச் சொல்லலாம். அவருடைய கர்ம நம்பிக்கையை உடைப்பதும் நம் வேலையில்லை, ஊதிப் பெரிதாக்குவதும் நம் வேலையில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு ஒரு கேள்வி வரிசை உண்டு. அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புசால்ஸ்கி 1996-இல் உருவாக்கிய அதை ஃபைகா என்பார்கள். எதன் மீது நம்பிக்கை, அது வாழ்க்கையில் எவ்வளவு முக்கியம், அதில் துணை நிற்கும் கூட்டம் எது, இதில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான்கு படிகள். ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே தமிழில் கேட்டால் மக்கள் தொகைக் கணக்கெடுப்புபோல் இருக்கும். நான் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இப்படி: "இவ்வளவு கஷ்டத்திலும் உங்களைத் தாங்கிப் பிடிப்பது எது அம்மா?" இந்த ஒரு கேள்விக்கு மாரியம்மன் என்றும் பதில் வரும், இயேசு என்றும் வரும், "என் மகள்" என்றும் வரும், "ஒன்றும் இல்லை" என்றும் வரும். கடைசிப் பதில் வந்தால் அன்று அவர் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். ஃபைகாவின் நான்காவது படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கேட்டுவிட்டு ஒன்றுமே செய்யாமல் போவது கேட்காமல் இருப்பதைவிட மோசம்.

மதச் சடங்கு தொடர்பான தேவைகள் இருக்கிறதே, அதில் நம் செவிலியர்கள் நினைப்பதைவிட நிறையச் செய்ய முடியும். அதற்கு நீங்கள் பக்தையாக இருக்க வேண்டியதில்லை, விவரம் தெரிந்தவராக இருந்தால் போதும். படுக்கை விரிப்பு மாற்றும்போது தலையணைக்கடியில் மஞ்சள் துணியில் முடிந்த காசு கிடக்கும். அது நேர்த்திக்கடனுக்கு முடிந்து வைத்தது. அழுக்குத் துணி என்று குப்பைக் கூடையில் போட்டுவிட்டால் அந்த அம்மாள் அன்றிரவு தூங்க மாட்டார். ஸ்கேனுக்கோ அறுவைக்கோ தாயத்தையோ தாலியையோ கழற்ற வேண்டியிருந்தால் கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தாலிக்குப் பதில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாமா என்று அவர்களே வழி சொல்வார்கள். மூச்சு அடங்கப்போகிற நேரத்தில் வாயில் பால் அல்லது கங்கைத் தீர்த்தம் ஊற்ற உறவினர்கள் வரிசையில் நிற்பார்கள். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கும். தடுத்துச் சண்டை போடாமல், பஞ்சில் நனைத்து உதட்டில் தடவச் சொல்லிக்கொடுங்கள், பெரும்பாலானோர் ஒப்புக்கொள்வார்கள். திருநீறு பூசட்டும், துளசி வைக்கட்டும். ஆக்சிஜன் ஓடும் கட்டிலருகே சூடமும் ஊதுபத்தியும் மட்டும் கூடவே கூடாது. இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

முஸ்லிம் நோயாளி எழுந்திருக்க முடியாவிட்டாலும் படுத்தபடியே தொழலாம். தொழுகைக்கு முன் தண்ணீரில் கைகால் கழுவும் ஒளு செய்ய இயலாதவருக்கு, தூய மண்ணைத் தொட்டுச் செய்யும் தயம்மும் உண்டு. கட்டிலைத் திருப்ப முடிந்தால் நம் ஊரிலிருந்து மேற்குப் பக்கம் முகம் இருக்கும்படி திருப்பிக் கொடுங்கள். ரமலானில், நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்று தெரிந்தும் சிலர் பிடிவாதமாக நோன்பு வைப்பார்கள். மருந்து வேளையை விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கும், நோன்பு திறக்கும் இஃப்தாருக்கும் பொருத்த முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பது உங்கள் வேலை. நோன்பை விடு என்று வாதாடுவது உங்கள் வேலையல்ல, அதை அவர்களுடைய இமாம் சொன்னால் கேட்பார்கள். கடைசி நேரத்தில் காதருகே கலிமா என்ற நம்பிக்கை வாசகத்தைச் சொல்லவும், குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதவும் வீட்டார் விரும்புவார்கள். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே அனுப்ப வேண்டிய நேரமா அது?

கத்தோலிக்கரில் வயதானவர்கள், நோயாளிக்குக் குருவானவர் எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதலை அவஸ்தை பூசுதல் என்றே இன்னும் சொல்வார்கள். சாகப்போகிறவருக்கு மட்டுமே தருவது என்ற பழைய எண்ணமும் கூடவே இருக்கும். முன்கூட்டிச் சொல்லாமல் பங்குத்தந்தை திடீரென்று எண்ணெயோடு வந்து நின்றால், நோயாளிக்கு அதுவே மரணச் செய்தியாகிவிடும். ஆகவே முதலில் அவரிடம் கேட்டுவிட்டு ஏற்பாடு செய்யுங்கள்.

நாத்திகர்களை மறந்துவிடாதீர்கள், அவர்கள் நம் மண்ணில் குறைவில்லை. "எனக்குச் சடங்கு எதுவும் வேண்டாம், உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று தெளிவாகச் சொன்ன பெரியவர் நினைவிழந்த பிறகு, மருமகள் திருநீற்றோடு வருவாள். அவர் சொன்னதை அன்றே கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தால், குடும்பத்தாரிடம் எடுத்துச் சொல்ல உங்களுக்கு ஒரு பிடி இருக்கும். தன் வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் இருந்ததா, தன்னை யார் நினைத்துக்கொள்வார்கள் என்ற தவிப்பு அவருக்கும் உண்டு. சங்கத்தில் நடத்திய போராட்டத்தைப் பற்றி, கட்டிய பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசவிட்டுக் கேட்டாலே அவருக்கான ஆன்மிகப் பராமரிப்பு நடந்துவிட்டது. அந்தப் பெயரை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள், சண்டைக்கு வருவார்.

நம் வார்டுகளின் பெரிய முட்டுக்கட்டை வேறு. "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் சிஸ்டர், தாங்க மாட்டார்" என்று மகன் கதவருகிலேயே பிடித்துக்கொள்வான். அப்பாவோ, "பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம், நான் போகப்போகிறேன் என்று எனக்குத் தெரியும்" என்பார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துப் பொய் பேசிக்கொண்டிருப்பார்கள். உயில், மன்னிப்பு, விடைபெறுதல், "எனக்குப் பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்" என்ற ஒரு வரி எல்லாம் அப்படியே தொண்டையில் நின்றுபோகும். இங்கே செவிலியர் தானாக உண்மையைப் போட்டு உடைக்கக் கூடாது. நோய் நிலையைச் சொல்வது மருத்துவரின் பொறுப்பு. ஆனால் மகனைத் தனியே உட்காரவைத்து, "அப்பா உங்களிடம் என்ன கேட்கிறார்? அவருக்கு ஒன்றுமே தெரியாது என்று நிஜமாகவே நினைக்கிறீர்களா?" என்று கேட்க முடியும். நோயாளியிடம், "உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அய்யா?" என்று கேட்க முடியும். இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டு மருத்துவரையும் குடும்பத்தையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது, என் கணக்கில், செவிலியர் செய்யக்கூடிய மிகப் பெரிய ஆன்மிகப் பணி.

எல்லை எது என்பதற்கு ஒரு வழக்கு. 2008-இல் இங்கிலாந்தில் கரோலின் பெட்ரி என்ற சமூகச் செவிலியர், வீட்டுக்குச் சென்று பார்த்த ஒரு நோயாளியிடம் "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டதற்காகப் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். நாடே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. 2009-இல் மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டார். அவர் நல்லெண்ணத்தோடு கேட்டதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஊசியைக் கையில் வைத்திருப்பவரிடம் "வேண்டாம்" என்று சொல்வது படுத்திருப்பவருக்கு எளிதல்ல. ஆகவே நாமாக ஜெபத்தை முன்வைக்கக் கூடாது என்பது என் கட்சி. அவர்களாகக் கேட்டால் வேறு விஷயம். செவிலியர் என்றாலே கிறிஸ்தவர் என்று நினைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிய அம்மாக்கள்கூட "எனக்காக ஜெபம் பண்ணு தாயி" என்று கையைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு ஜெபிக்கத் தெரியாது என்றால், "நீங்கள் வேண்டிக்கொள்ளுங்கள் அம்மா, நான் கூட நிற்கிறேன்" என்று சொல்லிக் கையை விடாமல் நில்லுங்கள். பொய்யாக நடிக்க வேண்டியதில்லை. மதம் மாற்றப் பேசுவது, துண்டுப் பிரசுரம் கொடுப்பது போன்றவை எந்த மதத்தின் பேரில் நடந்தாலும் நோயாளியின் பலவீனத்தைச் சுரண்டுவதுதான்.

செவிலியர்களின் இந்தத் திறனை அளந்து பார்க்க முயன்றவர்கள் உண்டு. நெதர்லாந்தில் ரெனே வான் லீவன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட அளவுகோலில் 27 கூற்றுகள், ஆறு பிரிவுகள். நோயாளியின் நிலையை அறிதல், பேச்சுத் திறன், உரியவரிடம் அனுப்பிவைத்தல், மனப்பாங்கு என்றெல்லாம் போகும். அதைப் பல நாடுகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு குறை உண்டு: செவிலியர் தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறார். தனக்கு நன்றாகக் கேட்கத் தெரியும் என்று நினைப்பவர்கள் எல்லோரும் நன்றாகக் கேட்பதில்லை. நோயாளியையே கேட்ட ஆய்வுகள் இன்னும் உறுத்தலானவை. அமெரிக்காவில் டிரேசி பல்போனி குழுவினர் முற்றிய புற்றுநோயாளிகளிடம் கேட்டு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் ஆன்மிகத் தேவைகளை மருத்துவத் துறை மிகக் குறைவாகவே கவனித்தது அல்லது கவனிக்கவே இல்லை என்று 72 சதவீதத்தினர் சொன்னார்கள். ஏன் இப்படி என்று 2013-இல் அதே குழு செவிலியர்களையும் மருத்துவர்களையும் ஆராய்ந்தபோது, எல்லாவற்றையும்விட வலுவாக வெளிப்பட்ட காரணம் பயிற்சியின்மை. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை. பயிற்சி பெற்றவர்கள் செய்கிறார்கள், பெறாதவர்கள் டிரிப்பைச் சரிபார்க்கிறார்கள்.

நேரத்தைப் பற்றியும் சொன்னீர்கள். அதை நான் சாக்கு என்று தள்ளமாட்டேன். போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. இரவுப் பணியில் நீங்கள் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆள் போடாமல் ஆன்மிகப் பராமரிப்பு பற்றிச் சுற்றறிக்கை அனுப்புவது நிர்வாகத்துக்கு எளிது. ஆனாலும் தனி நேரம் ஒதுக்கிச் செய்வதல்ல இது. டிரெஸ்ஸிங் செய்யும் பதினைந்து நிமிடம், உடம்பு துடைத்துவிடும் நேரம், முதுகுக்குப் பவுடர் போடும் நேரம் எப்படியும் உங்களுடையவை. அப்போது பக்கத்துச் சகோதரியிடம் டூட்டி மாற்றுவது பற்றிப் பேசாமல் நோயாளியிடம் பேசினாலே போதும். கைகள் வேலை செய்துகொண்டிருக்க, கண்ணுக்குக் கண் பார்க்காத அந்த நிலையில்தான் பலர் மனம் திறக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே போகும் நோய் ஆதரவுச் செவிலியர்களுக்கு இந்த வாய்ப்பு இன்னும் அதிகம். பூஜை அலமாரியையும் சுவரில் மாட்டிய படங்களையும் பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும்.

உங்களால் முடியாதவை எவை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். "ஊசி போட்டு என்னைக் கொன்றுவிடு" என்பவருக்கு அடங்காத வலி இருக்கலாம், மனச்சோர்வு நோய் இருக்கலாம். தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாவதற்கு வழி யோசிக்கிறார் என்றால் அதை ஆன்மிகத் துயரம் என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் சொல்லி மனநல மருத்துவரை வரவழைக்க வேண்டும், தனியாக விடக் கூடாது. திடீரென்று ஒருநாள் பேய் பார்க்கிறேன், யமன் நிற்கிறான் என்று குழறினால் ரத்தத்தில் கால்சியம், சோடியம் அளவு மாறியதா, நோய்த்தொற்று, மருந்தின் விளைவு என்று தேட வேண்டும். குற்ற உணர்வுக்கு மதகுரு தேவைப்படுகிறவருக்கு மதகுருதான் தேவை. வேலூர் சி.எம்.சி. போன்ற மிஷன் மருத்துவமனைகளில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் இல்லை. பக்கத்துக் கோயில் குருக்கள், பள்ளிவாசல், பங்கு ஆலயம், சி.எஸ்.ஐ. போதகர் ஆகியோரின் தொலைபேசி எண்களை ஒரு அட்டையில் எழுதி செவிலியர் மேசைக் கண்ணாடிக்கடியில் வையுங்கள். அதற்கு அரசாணை தேவையில்லை.

பயிற்சிக்கு: 2021-இல் திருத்தப்பட்ட பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சைக்குத் தனி மாட்யூல் வந்திருக்கிறது. அதற்கு முன் படித்தவர்களுக்கு 1994-இல் தொடங்கிய இந்திய நோய் ஆதரவு சிகிச்சைச் சங்கத்தின் சான்றிதழ் பயிற்சியும், திருவனந்தபுரத்தில் உள்ள பேலியம் இந்தியா என்ற நோய் ஆதரவு சிகிச்சை அமைப்பின் பயிற்சிகளும் உண்டு. பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள்: பவர்பாயிண்ட் மட்டும் காட்டுகிறார்களா, அல்லது ஒருவரை நோயாளியாக நடிக்கவைத்து உங்களைப் பேசச் சொல்லி, எந்த இடத்தில் குறுக்கே விழுந்தீர்கள் என்று பிடித்துக் காட்டுகிறார்களா? இரண்டாவது வகைக்கு லீவு போட்டாவது போங்கள்.

அதுவரை, கேஸ் ஷீட்டில் "நோயாளி பதற்றமாக உள்ளார், ஆறுதல் கூறப்பட்டது" என்று எழுதும் பழக்கத்தை விடுங்கள். அதைப் படிக்கும் அடுத்த ஷிப்ட் சகோதரிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. "நோய் தன் தவறால் வந்தது என்று நினைக்கிறார். பேசாமல் இருக்கும் தம்பியைப் பார்க்க விரும்புகிறார். மகனிடம் தெரிவிக்கப்பட்டது, ஞாயிறு அழைத்துவருவதாகச் சொன்னார்" என்று எழுதுங்கள். ஞாயிறு காலை டூட்டியில் இருப்பவர், தம்பி வந்தால் பார்வையாளர் நேரம் பார்க்காமல் உள்ளே விடுவார்.